டாக்டர் அறையில் எங்களோடு இன்னும் நான்கு பேர்

திருச்சி மருத்துவமனைகளுக்குக் கண்ணாடிக் கதவு, லிஃப்ட், ஏசி எல்லாம் வந்துவிட்டன. டோக்கன் எண் சிவப்பு எழுத்தில் சுவரில் ஓடுகிறது. ஆனால் டாக்டர் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த டோக்கன்காரர்களையும் உள்ளே விட்டுச் சுவரோரம் நிறுத்தி வைக்கிற வழக்கம் மட்டும் நான் ஊரை விட்டுப் போனபோது இருந்த மாதிரியே இருக்கிறது. காய்ச்சல், மூட்டுவலி என்றால் போகட்டும். நான் போனது குழந்தைகள் மனநல மருத்துவரிடம்.

மகனுக்கு எட்டு வயது. இங்கிலாந்தில், மில்டன் கீன்ஸில் படிக்கிறான். விளையாட்டில் தோற்றால் நாற்காலியைத் தள்ளிவிடுவான், அப்புறம் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு அரைமணி நேரம் அழுவான். சட்டைக் காலரைக் கடித்துக் கடித்து எல்லாச் சீருடையும் நைந்துவிட்டது. பள்ளியில் சிறப்புத் தேவைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியை (அங்கே ‘சென்கோ’ என்பார்கள்) சொல்லி, எங்கள் ஜிபி (குடும்ப டாக்டர்) அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ்ஸின் குழந்தைகள் மனநலப் பிரிவுக்கு எழுதினார். வரிசை வருடக்கணக்கில் நீளும் என்று பதில் வந்தது. தனியாரில் கேட்டால் ஆயிரம் பவுண்டுக்கு மேல் ஆகும் என்றார்கள். "இங்க கூட்டிட்டு வா, நாளைக்கே பாத்துடலாம்" என்றார் அம்மா.

மறுநாளே பார்த்தும்விட்டோம். அதில் குறை சொல்ல முடியாது.

தில்லைநகர் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனை. எங்கள் எண் வந்து நாங்கள் உள்ளே போய் உட்கார்ந்ததும், வாசலில் நின்ற அட்டெண்டர் எங்கள் பின்னாலேயே ஒரு பாட்டி, கையில் ஃபைலுடன் ஒரு இளம் தம்பதி, தோல்பையுடன் ஒரு மெடிக்கல் ரெப் ஆகியோரையும் அனுப்பிவிட்டார். டாக்டர் நல்லவர், கேட்க வேண்டியதைத்தான் கேட்டார். தூக்கம் எப்படி, எப்போதிலிருந்து இப்படி, பிரசவம் சுகமா, வீட்டில் அடிப்பீர்களா, கணவன் மனைவிக்குள் சண்டை உண்டா. நான் குரலைத் தாழ்த்தத் தாழ்த்த, அவர் "சத்தமா சொல்லுங்கம்மா" என்றார். ரெப் மரியாதையாக மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டிக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை. "எம் பேரனும் சின்னதுல இப்படித்தாம்மா, சட்டையவே தின்னுடுவான். வேளாங்கண்ணிக்கு ஒரு நடை கூட்டிட்டுப் போ" என்று கலந்துரையாடலில் சேர்ந்துகொண்டார்.

மகனுக்குத் தமிழ் சரளமாகப் பேச வராது. ஆனால் கேட்டால் எல்லாம் புரியும். காலர் வாய்க்குள் போய்விட்டது. "டாக்டர், கதவைச் சாத்திட்டுப் பேசலாமா?" என்றேன். அவர் உடனே, "ஏம்ப்பா, கதவைச் சாத்து" என்றார். அட்டெண்டர் சாத்தினார். நான்கு பேரும் உள்ளேதான்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சைக்கு வருபவரின் விவரங்கள் ரகசியமாக இருக்க வேண்டும் என்பதை ஓர் உரிமையாகவே எழுதி வைத்திருக்கிறது. சுவரோரம் ஆளை நிறுத்துவதற்கு அதில் விலக்கு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. இங்கிலாந்தில் என் பிள்ளையின் அப்பாயின்ட்மென்ட் தேதியை எனக்குச் சொல்வதற்கே பிறந்த தேதியும் முகவரியும் கேட்பார்கள். அவ்வளவு பத்திரமான ரகசியம், உள்ளே போகத்தான் வழியில்லை. எரிச்சலோடு வெளியே வந்தபோது பாட்டியும் பின்னாலேயே வந்து, மடியிலிருந்து ஒரு கடலை மிட்டாயை எடுத்து மகன் கையில் வைத்தார். புது ஆள் எதையும் கொடுத்தால் வாங்காத பிள்ளை, வாங்கிக்கொண்டான். யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

டாக்டர் எங்களை இரண்டாம் மாடியில் இருந்த உளவியலாளரிடம் அனுப்பியிருந்தார். சின்ன வயதுப் பெண். அறையில் நாங்கள் மட்டும்தான். சுவரில், மருத்துவ உளவியலாளர்களைப் பதிவு செய்யும் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் சான்றிதழ் தொங்கியது. ஊரில் பிள்ளையை மதிப்பீட்டுக்குக் கூட்டிப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான். ‘கவுன்சிலர்’ என்ற பலகை யார் வாசலில் வேண்டுமானாலும் தொங்குகிறது.

அறிவுத்திறனுக்கு மாலின் சோதனை வைத்தார். அமெரிக்காவின் வெக்ஸ்லர் சோதனையை இந்தியக் குழந்தைகளுக்கு ஏற்றபடி மாற்றி நாக்பூரில் உருவாக்கியது. "இவன் அங்க வளர்ற பையன், பொது அறிவுக் கேள்விகள்ல குறையும். அந்த மார்க்கை வெச்சு எதுவும் சொல்ல மாட்டேன்" என்று தொடங்கும் முன்பே சொல்லிவிட்டார். அடுத்து, தன் வேலைகளைத் தானே செய்துகொள்கிறானா என்று பார்க்கும் வைன்லேண்ட் கேள்விகள். தானாகச் சாப்பிடுவானா என்றதற்கு நான் "ஆமாம்" என்ற அதே நொடியில் அம்மா, "எங்க சாப்பிடுறான்? நான்தான் ஊட்டி விடுறேன்" என்றார். குளியலுக்கும் அதே கதை. உளவியலாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் பக்கத்தை இரண்டாகப் பிரித்து ‘அங்கே’, ‘இங்கே’ என்று கோடு போட்டுக்கொண்டார்.

அப்புறம்தான் சிக்கல் வந்தது. பிள்ளையின் கவனம், நடத்தை பற்றி வகுப்பாசிரியர் நிரப்பிய கானர்ஸ் படிவம் வேண்டும் என்றார். ஏடிஎச்டி (கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும்) என்று எழுத வேண்டுமானால் அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும். "பள்ளியிலேர்ந்து எதுவும் வராம எழுத மாட்டேன் மேடம். இப்ப வெயில், தூக்கம் மாறியிருக்கு, சுத்தி முழுக்க சொந்தக்காரங்க. இந்தச் சூழ்நிலைல எந்தப் பிள்ளைதான் சாதாரணமா இருக்கும்? பதற்றமாவும் இருக்கலாம்."

நியாயம்தான். ஆனால் அது ஆகஸ்ட். அங்கே பள்ளி ஆறு வாரம் மூடியிருக்கும், ஆசிரியை ஸ்பெயினிலோ எங்கேயோ இருப்பார். எங்களைப் போன்றவர்கள் பிள்ளைகளோடு ஊருக்கு வர முடிவதே அந்த ஆறு வாரத்தில்தான். பள்ளி நாட்களில் வந்தால் அபராதம். ஆக, பரிசோதிக்க ஆள் இருக்கும்போது பள்ளி இல்லை, பள்ளி இருக்கும்போது வரிசை நகராது. "ஏதோ ஒண்ணு எழுதிக் குடும்மா, பிள்ளை ஊருக்குப் போகணும்ல" என்று அம்மா கெஞ்சிப் பார்த்தார். அந்தப் பெண் மசியவில்லை. நானும் உள்ளுக்குள் கொஞ்சம் கெஞ்சிக்கொண்டுதான் இருந்தேன். கேட்டவுடன் எழுதிக் கொடுப்பவர்கள் அதே தெருவில் இருந்திருப்பார்கள், அது எனக்கும் தெரியும்.

தான் பார்த்ததை மட்டும் எழுதிக் கொடுத்தார்: தோல்வியைத் தாங்குவதில் சிரமம், புது இடத்தில் பதற்றம், கவனம் பற்றி ஆசிரியர் படிவம் வந்த பிறகே கருத்து. பள்ளி திறந்ததும் அனுப்புங்கள், வீடியோவில் பேசலாம், அதற்குத் தனிக் கட்டணம் வேண்டாம் என்றார்.

செப்டம்பரில் சென்கோவிடம் படிவத்தைக் கொடுத்தேன். மாணவரின் தகவலை வெளிநாட்டுக்கு அனுப்பலாமா என்று தரவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் கேட்க வேண்டுமாம். படிவத்தை நிரப்புவதற்கு அனுமதி கேட்டு இன்னொரு படிவம் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.