குவேக்கர் பள்ளி: வீட்டிலிருந்து போய்வருவதா, விடுதியில் சேர்ப்பதா?

பிலடெல்பியாவைச் சுற்றியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் பிள்ளை எட்டாம் வகுப்புக்கு வந்துவிட்டால் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். ‘ஃபிரண்ட்ஸ் ஸ்கூல்’ என்று பெயர் போட்ட, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் பள்ளிகளைப் பற்றி நாலு பேர் நல்லவிதமாகச் சொல்கிறார்களே, சேர்க்கலாமா? சேர்த்தால் தினமும் போய்வரும் பகல் பள்ளியா, அங்கேயே தங்கிப் படிக்கும் விடுதிப் பள்ளியா? எங்கள் வீட்டில் இரண்டும் நடந்தது. மகன் குவேக்கர் பகல் பள்ளி ஒன்றில் பன்னிரண்டாம் வகுப்பு வரை முடித்தான். மகள் இன்னொரு குவேக்கர் விடுதிப் பள்ளியில் இப்போது பதினொன்றாம் வகுப்பு. என்னைக் கேட்டால் விடுதிதான் என்பேன். படிப்பையோ கல்லூரி அட்மிஷனையோ வைத்து இதைச் சொல்லவில்லை. அங்கே வாராவாரம் நடக்கும் மௌன வழிபாட்டை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஊரிலிருந்து வரும் கேள்வி. “மதம் மாத்திருவாங்களாம்மா?” என்றுதான் என் மாமியார் கேட்டார். அந்தப் பயமே வேண்டாம். இந்தப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் குவேக்கர்களே இல்லை. யூதர், கத்தோலிக்கர், முஸ்லிம், இந்து, எதையும் நம்பாதவர் எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் முன்னின்று தொடங்கியது குவேக்கர் இயக்கம். ஒவ்வொரு மனிதருக்குள்ளும் இறைவனின் ஒளி இருக்கிறது, அதற்கு நடுவில் பாதிரியார் வேண்டியதில்லை என்பது அவர்கள் நம்பிக்கை. ஞானஸ்நானம் கிடையாது. போரை எதிர்ப்பவர்கள்; 1947இல் அமைதிக்கான நோபல் பரிசு இவர்களுடைய இரண்டு சேவை அமைப்புகளுக்குத்தான் போனது. மாமியாருக்குப் பிடிபட்டதென்னவோ மார்ஜரி சைக்ஸ் என்ற ஆங்கிலேய ஆசிரியையின் கதைதான். 1928இல் சென்னைக்கு வந்து வேப்பேரி பெண்டிங்க் பள்ளியில் பாடம் நடத்தி, தமிழும் கற்று, பிறகு குவேக்கராகி, காந்தியின் சேவாகிராமத்தில் வேலை செய்து, கோத்தகிரியிலும் வாழ்ந்தவர். “அந்த மாதிரி ஆளுங்களா? சரி, சேருங்க” என்றுவிட்டார்.

வழிபாட்டை இங்கே எல்லோரும் ‘மீட்டிங்’ என்றுதான் சொல்கிறார்கள். எல்லா நாட்டுக் குவேக்கர்களும் மௌனமாக வழிபடுவதில்லை. கென்யாவில் பாட்டும் பிரசங்கமும் உண்டு. பிலடெல்பியா வட்டாரத்தில் மௌனம். வாரத்தில் ஒரு நாள், வகுப்பு நேரத்திலேயே, பெரிய பிள்ளைகளுக்கு முக்கால் மணி நேரம் வரை நீளும். பலிபீடமோ சிலுவையோ இல்லாத கூடம், ஒன்றையொன்று பார்த்தபடி மர பெஞ்சுகள். வந்து உட்கார வேண்டியதுதான். நம்மவர்கள் இதைத் தியானம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். மூச்சைக் கவனிப்பதோ மந்திரம் சொல்வதோ இங்கே இல்லை. எல்லோரும் சேர்ந்து காத்திருக்கிறார்கள். யாருக்காவது சொல்லியே ஆக வேண்டும் என்று உள்ளுக்குள் உந்தினால் எழுந்து நின்று சொல்லலாம், மாணவராக இருந்தாலும் ஆசிரியராக இருந்தாலும். யாரும் பதில் சொல்லக் கூடாது, விவாதிக்கக் கூடாது. ஒருவர் பேசி உட்கார்ந்ததும் கொஞ்ச நேரம் மௌனம் விட்டுத்தான் அடுத்தவர் எழ வேண்டும். முடிவில் இருவர் கைகுலுக்குவார்கள், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு எல்லோரும் குலுக்குவார்கள். பல நாள் ஒருவருமே பேசாமல் முடிந்துவிடும்.

இது இரண்டு வகைப் பள்ளிக்கும் பொது. பொதுவானவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர்களை முதற்பெயரால் கூப்பிடும் பழக்கம் பல பள்ளிகளில் உண்டு; நமக்குக் கொஞ்ச நாள் உறுத்தும், பிறகு பழகிவிடும். மாணவர் குழுக்கள் பெரும்பாலும் ஓட்டெடுப்பு நடத்துவதில்லை, எல்லோருக்கும் ஒப்புதலாகும் முடிவு வரும்வரை பேசுவார்கள், கூட்டம் இழுக்கும். படிப்பில் பெரிய வித்தியாசம் பார்க்கவில்லை. கட்டணத்தில் உண்டு: இந்த வட்டாரத்தில் உயர்நிலை வகுப்புக்குப் பகல் பள்ளியே ஆண்டுக்கு 40,000 டாலரைத் தாண்டும், விடுதி 70,000 டாலரைத் தாண்டும். இரண்டிலும் வருமானத்தைப் பார்த்து உதவித்தொகை தருகிறார்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

பகல் பள்ளிக்கு இங்கே நீண்ட வரலாறு இருக்கிறது. வில்லியம் பென் சார்ட்டர் பள்ளி 1689இலேயே தொடங்கியது, அபிங்டன் 1697, ஜெர்மன்டவுன் 1845. ஊருக்குள்ளேயே, ஊரோடு கலந்து இருப்பவை. ஜெர்மன்டவுனில் பள்ளிக்கும் உள்ளூர் சபைக்கும் ஒரே இடம். மகன் படித்த பள்ளியிலும் அக்கம்பக்கத்துக் குவேக்கர் பெரியவர்கள் சிலர் பிள்ளைகளோடு வந்து உட்காருவார்கள். எழுபது வயதைக் கடந்த ஒருவர் அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பதினைந்து வயதுப் பையன் வாராவாரம் பார்ப்பது சின்ன விஷயமில்லை. சாயங்காலம் வீட்டுச் சாப்பாடு, தாத்தா பாட்டியோடு தமிழ்ப் பேச்சு, சனி ஞாயிறில் தமிழ்ப் பள்ளி என எதுவும் விட்டுப்போகவில்லை. இதையெல்லாம் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். வீட்டில் தமிழ் நிலைக்க வேண்டும் என்பதுதான் உங்களுக்கு முதல் கவலை என்றால் பகல் பள்ளியே சரி. மகளின் தமிழ் விடுதிக்குப் போனதிலிருந்து தேய்ந்துதான் போயிருக்கிறது.

ஆனால் மகன் பத்தாம் வகுப்பில் இருந்தபோது நடந்த ஒன்று. அவன் வகுப்புப் பையன் ஒருவன் மீட்டிங்கில் எழுந்தான். அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்டார்கள், ஒரு வாரம் ஒரு வீடு, மறுவாரம் இன்னொரு வீடு, கணக்கு நோட்டு எப்போதும் தப்பான வீட்டில்தான் இருக்கிறது என்றான். அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டான். கூடமே அப்படியே உறைந்துபோனது என்றான் மகன். பிறகு கைகுலுக்கல், மணி, கெமிஸ்ட்ரி டெஸ்ட். மூன்றரைக்கு ஆளுக்கொரு திசை: ஒருவன் ரயில், ஒருவன் கார், ஒருவன் நீச்சல் பயிற்சி. மகனுக்கு அவனிடம் ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்திருக்கிறது. அடுத்த நாள் அந்தப் பேச்சை எடுப்பதே கூச்சமாகிவிட்டது. எங்களிடமே சில வாரம் கழித்துத்தான் சொன்னான். பள்ளியின் மேல் இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆலோசகர் அந்தப் பையனைக் கூப்பிட்டுப் பேசினார். அவ்வளவு பாரமான ஒரு சொல் பொதுவில் வைக்கப்பட்டு, கேட்ட பிள்ளைகளுக்கு அதை வைத்துச் செய்ய எதுவும் கிடைக்காமல் போனது. பகல் பள்ளியின் நாள் அப்படித்தான் அமைந்திருக்கிறது.

விடுதிப் பள்ளியின் கதை வேறு நோக்கத்தில் தொடங்கியது. நகரத்தின் கெட்ட பழக்கங்களிலிருந்து தங்கள் பிள்ளைகளைக் காத்து வளர்க்க வேண்டும் என்று பிலடெல்பியா குவேக்கர்கள் 1799இல் வெஸ்ட்டவுன் பள்ளியை ஊருக்கு வெளியே கிராமப்புறத்தில் திறந்தார்கள். ஆண், பெண் இருபாலரையும் முதலிலிருந்தே சேர்த்தார்கள். இன்றும் அது ஏறத்தாழ 600 ஏக்கர். ஏரி இருக்கிறது, பண்ணை இருக்கிறது. 1893இல் பிலடெல்பியாவை ஒட்டிய பக்ஸ் கவுண்டியில் ஜார்ஜ் பள்ளி வந்தது. அங்குள்ள வழிபாட்டுக் கூடம் 1812இல் பிலடெல்பியா பன்னிரண்டாம் தெருவில் கட்டப்பட்டது. 1970களில் அதைப் பிரித்துக் கொண்டுவந்து வளாகத்தில் மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். பார்க்கப் போனால் அந்தக் கூடத்தில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். ‘காத்து வளர்ப்பது’ என்ற அந்தப் பழைய நோக்கம் இன்று அப்படியே இல்லை. பிள்ளைகள் கையில் போன் இருக்கிறது, பல நாட்டுப் பிள்ளைகள் வந்து தங்குகிறார்கள். சேர்ந்து வாழ்வது மட்டும் மிச்சமிருக்கிறது. நான் பேச வருவது அதைப் பற்றித்தான்.

விடுதியில் பிள்ளைகளுக்கு வேலை உண்டு. பாத்திரம் கழுவுவது, கூடம் பெருக்குவது, தோட்டம் என்று முறை வைத்துச் செய்கிறார்கள். பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் அதே முறைதான். மகளுக்கு ஒரு பருவத்தில் பாத்திர வேலை. தட்டுகள் ஜன்னல் வழியாக வந்து குவியும். ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு மிச்சத்தை வழித்துத் தொட்டியில் தள்ளி, தட்டுகளை பிளாஸ்டிக் கூடையில் நிறுத்தி, மெஷினுக்குள் தள்ள வேண்டும். மறுபக்கம் ஆவியோடு வெளியே வரும், கையைச் சுடும். அங்கே நின்றால் சாப்பாட்டுக் கூடம் முழுக்கத் தெரியும், யார் யாரோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது உட்பட.

ஒருநாள் மீட்டிங்கில் பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்தான். “இந்தக் கூடத்தில் எல்லோரும் சேர்ந்து உட்காருகிறோம். சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பெண் தினமும் தனியாக உட்காருகிறாள், நாம் பார்த்துக்கொண்டே போகிறோம்” என்றான். மகளுக்குக் கோபம். “அம்மா, அவன் என்னவோ பெரிய மகான் மாதிரி எங்க எல்லாரையும் குத்திக் காட்டுறான்” என்று அன்றிரவே போனில் பொரிந்தாள். ஆனால் அந்தப் பையனும் இவளோடு அதே பாத்திர வேலைக் குழுவில்தான் இருந்தான். இவள் வழித்துக் கொடுத்த தட்டை அவன் கூடையில் நிறுத்த வேண்டும், ராத்திரிக்கு ராத்திரி. முகத்தைத் திருப்பிக்கொண்டு எத்தனை நாள் நிற்க முடியும்? இரண்டு பேரும் சண்டை போட்டார்கள், பிறகு பேசினார்கள். விடுதிக் கூட்டத்திலும் விஷயம் வந்தது. அவன் செய்தது சரியா, ஒருத்தியைச் சபையில் அடையாளம் காட்டலாமா என்று ராத்திரி வெகுநேரம் ஓடியிருக்கிறது. கடைசியில் மகள் ஒருநாள் தட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் மேசைக்கே போனாள். அந்தப் பெண் சொன்னாளாம்: “நாள் முழுக்க இங்கிலீஷில் பேசிப் பேசிக் களைத்துப்போகிறேன். சாப்பிடும்போதாவது யாரோடும் பேசாமல் இருக்க நானேதான் இங்கே வந்து உட்காருகிறேன்.”

பையன் சொன்னதில் பாதி சரி, பாதி தப்பு. அது தெரியவந்தது எப்படி? அவன் சொன்னதைக் கேட்டவர்கள், அவன், சொல்லப்பட்ட பெண் எல்லோரும் அன்று சாயங்காலமும் மறுநாள் காலையும் ஒரே கூரையின் கீழ் இருந்ததால். மௌனத்திலிருந்து எழுந்து ஒருவர் சொல்வது உண்மைதானா என்பதை அந்தக் கூடத்துக்குள் யாரும் சரிபார்க்க முடியாது. பதில் சொல்லக் கூடாது என்பதுதான் விதி. வெளியே வாழும் வாழ்க்கையில்தான் சரிபார்க்க வேண்டும். பகல் பள்ளியில் அந்த வாழ்க்கை மூன்றரை மணிக்குக் கலைந்துவிடுகிறது. விடுதியில் மூன்றரைக்குத்தான் ஆரம்பிக்கிறது. அடுத்த வாரம் பெஞ்சில் உட்காரும்போது எதிர்ப் பெஞ்சில் இருப்பவரோடு ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது, அல்லது தீர்ந்திருக்கிறது. முக்கால் மணி நேர மௌனத்துக்குள் கொண்டுபோக இவர்களிடம் சரக்கு இருக்கிறது. மகனுக்கு மீட்டிங் பெரும்பாலும் ஓய்வு நேரமாகவே இருந்தது. நல்ல ஓய்வுதான், அவனே இன்றும் அதை விரும்பிச் சொல்கிறான். மகள் சில வாரம் மீட்டிங்குக்குப் போகவே தயங்குகிறாள். போய்விட்டு வந்தால் அதைப் பற்றிப் பேசாமல் இருக்க மாட்டாள். இந்த வித்தியாசத்துக்குத்தான் அந்தக் கூடுதல் பணம் தகும் என்கிறேன்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஒதுங்கிப்போக இடமில்லாமல் தவிக்கும் பிள்ளைகளுக்கு விடுதி பாரம். வகுப்பில் மனத்தாங்கல் வந்தால் பகல் பள்ளிப் பிள்ளை வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்ளலாம், விடுதிப் பிள்ளைக்கு அறைத்தோழியே அந்த மனத்தாங்கலாக இருக்கலாம். முதல் பருவத்தில் மகள் அழுத இரவுகள் இருந்தன. விடுதியில் கூடத் தங்கும் ஆசிரியர் எப்படிப்பட்டவர் என்பதைப் பொறுத்துப் பாதி விஷயம் அமைகிறது; எங்களுக்கு நல்லவராக அமைந்தார். அது அமையாத வீட்டார் என் முடிவை ஒத்துக்கொள்ளாமலும் போகலாம். எங்களுக்கு மகள் பள்ளி காரில் எட்டும் தூரம் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சென்னையிலிருந்தோ கொழும்பிலிருந்தோ நேராக அனுப்புகிறவர்கள் எங்கள் அனுபவத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மிகச் சிறிய விடுதிப் பள்ளிகளும் உண்டு. பிள்ளைகள் குறைவாக இருந்தால் இந்தச் சேர்ந்து வாழ்தல் இன்னும் நெருக்கமாகும் என்று நினைக்கிறேன், நினைப்புதான்.

பார்க்கப் போகிறவர்களுக்கு: பெற்றோருக்கென்று ஏற்பாடு செய்யும் நாளில் மட்டும் போய்விட்டு வராதீர்கள். சாதாரண வாரநாளில் மீட்டிங் இருக்கும் நேரம் கேட்டு, பிள்ளையோடு உட்கார அனுமதி வாங்குங்கள். ஆசிரியர்கள் பிள்ளைகளுக்கு நடுவில் உட்காருகிறார்களா, ஓரத்தில் நின்று யார் தூங்குகிறார்கள் என்று பார்க்கிறார்களா, கவனியுங்கள். விடுதிப் பள்ளியில் இன்னொன்றையும் கட்டாயம் கேளுங்கள்: வெள்ளிக்கிழமை சாயங்காலம் எத்தனை பேர் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்? சில பள்ளிகளில் வாரத்துக்கு ஐந்து நாள் மட்டும் தங்கும் ஏற்பாடும் உண்டு. கட்டணம் குறைவு, நம்மவர்களுக்குப் பிடிக்கும். அதில் தவறில்லை. ஆனால் பாதி விடுதி வெள்ளிக்கிழமை காலியாகிவிடும் என்றால், நான் சொல்லும் அந்தச் சேர்ந்து வாழ்தல் அங்கே பாதிதான் இருக்கும். அப்படியானால் பகல் பள்ளியிலேயே சேர்த்துவிடுங்கள், பிள்ளையாவது தினமும் வீட்டில் சாப்பிடும்.