மெர்லின் பறவைச் செயலி: திரையை மூடினால்தான் பலன்

விடியற்காலையில் மொட்டைமாடியில் நின்றால் "டுக்… டுக்… டுக்…" என்று பாத்திரப் பட்டறைச் சத்தம் மாதிரி ஒன்று விடாமல் கேட்கும். அது செம்மார்புக் குக்குறுவான். கேட்ட மாத்திரத்தில் அந்தப் பெயரைச் சொல்லிவிடுகிறது மெர்லின் பேர்ட் ஐடி. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் தயாரித்த செயலி. காசும் கிடையாது, விளம்பரத் தொல்லையும் கிடையாது.

பறவைச் சத்தத்தால் மனம் லேசாகிறது என்பது வெறும் பேச்சல்ல. லண்டன் கிங்ஸ் கல்லூரியினர் 1,292 பேரைக் கைபேசியில் அவ்வப்போது தங்கள் மனநிலையைப் பதியச் சொல்லி, 2022இல் முடிவை வெளியிட்டார்கள். பறவையைப் பார்த்தவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் மனநிலை மேம்பட்டிருந்தது, அதன் சாயல் எட்டு மணி நேரம் வரைகூட நின்றது. மனச்சோர்வு நோய் உள்ளவர்களிடமும் அப்படியே. அதே ஆண்டு ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வில், ஆறு நிமிடம் பறவையொலி கேட்டவர்களுக்குப் பதற்றம் குறைந்தது. அதற்காக மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

செயலியை நிறுவியதும் முதல் வேலை, உங்கள் பகுதிக்கான பறவைத் தொகுப்பை வைஃபையில் இறக்குவது. பெரிய கோப்பு, நேரம் எடுக்கும். ஒருமுறை இறக்கிவிட்டால் சிக்னல் இல்லாத கொல்லிமலையிலும் வேலை செய்யும். இடத்தை அறியும் அனுமதியையும் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அந்த ஊரிலேயே இல்லாத பறவையெல்லாம் பட்டியலில் வரும். புகைப்படம் காட்டிக் கேட்கும் வசதியும் உண்டு. சாதாரண போனில் எடுத்த படத்தில் பறவை புள்ளியாகத்தான் இருக்கும் என்பதால் அதில் பெரிய பயனில்லை. நிஜமாகப் பயன் தரும் பகுதி, சத்தத்தைக் கேட்டுப் பறவையைச் சொல்லும் 'சவுண்ட் ஐடி'தான். பொத்தானை அழுத்தினால் ஒலி படமாக ஓடும். குக்குறுவான் கூப்பிடும்போது சம இடைவெளியில் புள்ளி வைத்தது போல வரிசை விழும். குயிலுக்கு மேலேறும் வளைவுகள். ஏற்கெனவே பட்டியலில் உள்ள பறவை திரும்பக் கத்தினால் அதன் பெயர் மஞ்சளாக மின்னும்.

தப்பு எங்கே வருகிறது? பாதி நம் கையில்தான், நிஜமாகவே கையில்! மைக் போனின் கீழ்விளிம்பில் இருக்கும், விரல் அதை மூடியிருக்கும். புளூடூத் இயர்போன் மாட்டியிருந்தால் போனின் மைக்குக்குப் பதிலாக இயர்போனின் மைக் சத்தத்தை வாங்கிக்கொள்ளலாம். காற்று, ஆட்டோ ஹாரன், பக்கத்தில் பேச்சு எல்லாமே கெடுதல். அணில் விடாமல் 'கிச் கிச்' என்றால் ஏதாவது பறவைப் பெயரை நீட்டிவிடும். மலைக்காட்டில் துடுப்புவால் கரிச்சான் மற்ற பறவைகளைப் போலவே குரல் கொடுக்கும், அதில் ஆளும் ஏமாறுவார், செயலியும் ஏமாறும். ஒரே ஒரு முறை மின்னி மறைந்த பெயரை நம்பாதீர்கள். பெயரைத் தட்டினால் மாதிரி ஒலி வரும், ஒப்பிட்டுப் பாருங்கள். ஆனால் அதைச் சத்தமாக ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கக் கூடாது. எதிரி வந்துவிட்டதென்று அது கூட்டை விட்டுவிட்டுச் சண்டைக்குக் கிளம்பும்.

இந்தச் செயலியின் பெரிய குறை, அது நன்றாக வேலை செய்வதுதான். பத்துப் பெயர் வந்ததும் பதினொன்றுக்கு மனம் அலையும், கண் திரையிலேயே ஒட்டிக்கொள்ளும். வாட்ஸாப் பார்த்ததற்கும் இதற்கும் அப்புறம் வித்தியாசம் இல்லை. அதனால் காலை ஆறிலிருந்து ஏழரை மணிக்குள் ஏதாவது ஒரு மரத்தடியில் பத்து நிமிடம் போனைப் பையிலேயே வைத்துவிட்டு, எத்தனை விதமான குரல், எந்தத் திசை என்று மட்டும் எண்ணுங்கள். பிறகு மூன்று நிமிடம் செயலியை ஓடவிட்டுச் சரிபாருங்கள். ஒரு நாளைக்கு ஒரு புதுக் குரல் போதும். தையல்சிட்டு, குண்டுகரிச்சான், செண்பகம், தவிட்டுக்குருவி என்று இரண்டு வாரத்தில் தெருவில் உள்ளவை பெரும்பாலும் பழகிவிடும்.

செயலி எடுக்கும் ஒலிப்பதிவுகள் போனிலேயே சேர்ந்துகொண்டே போகும். மாதம் ஒருமுறை அழித்துவிடுங்கள்.