ரிக் வண்டி வரைபடத்துக்கு ஆட்டோகேட் குரூப் தாங்குமா?

குரூப் என்பது ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் பல கோடுகளைச் சேர்த்து ஒன்றாகப் பிடிக்க வைப்பது. ரிக் வண்டிப் படத்துக்கும் அது தாங்கும். ஆனால் குரூப்புக்குள் குரூப் என்று ஒரே ஓர் அடுக்கு வரைக்கும்தான். அதற்கு மேல் அடுக்கினால் யாருக்கு எது சொந்தம் என்று தேடியே பொழுது போய்விடும்.

நான் திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் பாடி கட்டும் பட்டறைகளுக்கு வரைந்து கொடுக்கிறேன். சேஸி மேல் கம்ப்ரசர், டேங்க், மாஸ்ட், ஜாக்கி எல்லாம் எங்கெங்கே உட்காரும் என்பதுதான் படம். ஒரு முதலாளி சொன்னது இன்னொருவருக்கு ஒத்துவராது. "ஏனுங் தம்பி, டேங்கைப் பெருசு பண்ணிட்டு கம்ப்ரசரைக் கொஞ்சம் பின்னால தள்ளுங்க" என்பார்கள். கம்ப்ரசரை பிளாக் ஆக, அதாவது ஒரே மூலத்தை எல்லா இடத்திலும் காட்டும் பொருளாக வைத்திருந்தால், ஒரு வண்டிக்காக அதன் பிராக்கெட்டைத் திருத்தினாலும் அதே ஃபைலில் உள்ள மற்ற வண்டிகளிலும் மாறிவிடும். குரூப்பில் அந்தப் பயம் இல்லை. காப்பி எடுத்துவிட்டால் ஒவ்வொன்றும் தனித்தனி. அதனால் போல்ட், நட்டு, வால்வு மாதிரி மாறாத சாமான்களை மட்டும் பிளாக் ஆக வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் குரூப் செய்கிறேன்.

கம்ப்ரசர், சைலென்சர், ஏர் ஃபில்டர், மவுண்டிங் எல்லாம் சேர்ந்து ஒரு குரூப். அதையும் டேங்கையும் சேர்த்து வெளியே இன்னொரு குரூப். இப்போது எந்தக் கோட்டைத் தொட்டாலும் வெளிக் குரூப் முழுவதும் பிடிபடும். பின்பாதியை மொத்தமாக நகர்த்த இது அருமை.

உள்ளே இருக்கும் கம்ப்ரசரை மட்டும் நகர்த்தத்தான் கொஞ்சம் சுற்ற வேண்டும். கண்ட்ரோல், ஷிஃப்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் குரூப் பிடிப்பு அணைந்துவிடும். ஆனால் அப்போது உள் குரூப்பின் பிடிப்பும் சேர்ந்தே போய், கோடு கோடாகத்தான் பிடிபடும். வெளியை விட்டுவிட்டு உள்ளதை மட்டும் பிடிக்கும் நடுநிலை கிடையாது. ஸ்கெட்ச்அப் என்ற இன்னொரு வரைபட மென்பொருளில் குரூப்பை டபுள் கிளிக் செய்து உள்ளே நுழையலாம், அவுட்லைனரில் எதற்குள் எது என்று மரம்போல் பார்க்கலாம். அந்த வசதிக்கு இங்கே ஏங்க வேண்டியதுதான்.

இதற்கு நான் செய்வது: பிடிப்பை அணைத்துவிட்டு மூவ் கொடுக்கிறேன். பொருளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்போது 'ஜி' தட்டி உள் குரூப்பின் பெயரைக் கொடுக்கிறேன். ஆகவே பெயர் வைப்பதில் சோம்பல் கூடாது. 31 எழுத்து வரை வைக்கலாம், இடைவெளி மட்டும் விடக் கூடாது. காப்பி எடுத்த குரூப்புக்கு அந்தப் பெயர் வராது என்பதையும் நினைவில் வையுங்கள். மென்பொருள் தானாக ஒரு பெயர் போட்டுவிடும், அதைப் பெயரில்லாத குரூப்பாகவே கருதும். நான் காப்பி எடுத்த கையோடு புதுப் பெயர் வைத்துவிடுவேன்.

இன்னொருவர் அனுப்பிய படத்தில் குழப்பமாக இருந்தால் 'கிளாசிக்குரூப்' தட்டிப் பாருங்கள். பழைய டயலாக் திறக்கும். அதில் 'ஃபைண்ட் நேம்' கொடுத்து ஒரு கோட்டைத் தொட்டால், அது எந்தெந்தக் குரூப்பில் இருக்கிறது என்று பட்டியல் வரும். 'ஹைலைட்' கொடுத்தால் உறுப்புகளைப் படத்திலேயே காட்டும். புதிய ரிப்பன் பொத்தான்களைவிட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

படத்தை எக்ஸ்ரெஃப் ஆக, அதாவது மூல ஃபைலோடு தொடர்பு விடாமல், இன்னொரு படத்தில் இணைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெயர் வைத்த குரூப்கள் அங்கே கிடைக்காது. பைண்ட் செய்து (அந்தப் படத்துக்குள்ளேயே நிரந்தரமாகச் சேர்த்து) எக்ஸ்ப்ளோட் செய்தால் (பிரித்துவிட்டால்) திரும்ப வரும், அதுவும் பெயரில்லாமல். சப்போர்ட் லாரிப் படத்தோடு ரிக் படத்தைச் சேர்த்துக் காட்டுகிறவர்கள் திருத்தமெல்லாம் மூல ஃபைலிலேயே முடித்துவிடுவது நல்லது.

குரூப்புக்காக மட்டும் முழு ஆட்டோகேட் வாங்க வேண்டியதில்லை, அதன் சிறிய பதிப்பான எல்டியிலும் அது உண்டு. எங்கள் பட்டறைப் படங்களுக்கு அதுவே போதும்.