கண்ணாடி அறைச் சண்டையா, ஷாப்பிங் மால் சண்டையா?

பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருப் பையன்கள் நல்ல சண்டைப் படம் கேட்டால் இரண்டைத்தான் சொல்வேன்: புரூஸ் லீயின் 'என்டர் தி டிராகன்' (1973), ஜாக்கி சானின் 'போலீஸ் ஸ்டோரி' (1985).

முதல் படத்தின் கடைசிச் சண்டை கண்ணாடிகள் சூழ்ந்த அறையில். வில்லன் கையில் கத்தி நகங்கள். எது ஆள், எது பிம்பம் என்றே தெரியாது. லீ கண்ணாடிகளை உடைக்கத் தொடங்குகிறார். என்ன யோசனை! அவர் வேகத்துக்கு ஈடே கிடையாது.

ஆனாலும் என் ஓட்டு ஜாக்கிக்குத்தான். ஷாப்பிங் மாலில் ஷோகேஸ், எஸ்கலேட்டர், மோட்டார் பைக் எல்லாமே சண்டைக்குள் வந்துவிடும். யார் உதைத்தார், யார் எங்கே விழுந்தார் என்பது தெளிவாகத் தெரியும். இன்றைய படங்களில் அதுதானே காணோம்? அப்புறம் அந்தக் கம்பம்! விளக்குச் சரம் சுற்றிய கம்பத்தைத் தாவிப் பிடித்து, பல்புகள் வெடிக்க, மேல்மாடியிலிருந்து தரைவரை சறுக்குகிறார். டூப் கிடையாது, கை நிஜமாகவே வெந்துபோனது. அதை வெவ்வேறு கோணங்களில் மூன்று முறை காட்டுவார்கள். எனக்கு அதுவும் போதாது.