பழைய மினிக்கு ஹை-லோ டிரம்பெட்: ஒரு மதிப்பீடு

பழைய மினி காரின் உயரத்தைக் குறைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது 'ஹை-லோ' எனப்படும், நீளத்தைக் கூட்டவும் குறைக்கவும் வசதியுள்ள டிரம்பெட் என்ற சஸ்பென்ஷன் பாகத்தின் தொகுப்பைத்தான். பிரிட்டனில் நான் ஓட்டும் 1985ஆம் ஆண்டு மினியில் இதைப் பொருத்தி, மழையிலும் வெயிலிலும் போதுமான அளவு ஓட்டிப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். கொடுத்த பணத்துக்குத் தகுந்த பொருள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் காரைத் தாழ்த்துவதற்கான சாமானாக மட்டுமே இதை விற்பதால், இதன் பெரிய பயன் பலர் கண்ணில் படாமலே போகிறது.

அந்தப் பயனை உணர மினியின் அமைப்பைச் சற்று அறிந்திருக்க வேண்டும். 1959இல் வெளிவந்த இந்தக் காரை அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்தார். சஸ்பென்ஷனை உருவாக்கியவர் அலெக்ஸ் மோல்டன். ஏறக்குறைய அறுநூறு கிலோ எடையுள்ள காரில் நான்கு பெரியவர்கள் ஏறி உட்கார்ந்தால் அதன் பாரம் கிட்டத்தட்ட பாதியளவு கூடிவிடும் என்பதால், சுருள்வில்லை விட்டுவிட்டு, அமுங்க அமுங்க இறுகிக்கொண்டே போகும் ரப்பர் கூம்பை அவர் தேர்ந்தெடுத்தார். அந்தக் கூம்புக்கும் சக்கரத்தைத் தாங்கும் கைக்கும் நடுவே நிற்கும் எக்காள வடிவ அலுமினியத் துண்டுதான் டிரம்பெட். ரப்பர் ஆண்டுக்கணக்கில் பாரம் சுமந்து தளரும்போது கார் தானாகவே தாழ்கிறது. அதுவும் நான்கு மூலைகளிலும் ஒரே அளவில் தாழ்வதில்லை. புதிய கூம்புகளைப் போட்டாலோ, அவை படிந்து அமரும்வரை கார் தூக்கிக்கொண்டு நிற்கும். இரண்டு நிலைகளிலும் உயரத்தைத் திருத்த ஒரு வழி தேவை. முன்பெல்லாம் டிரம்பெட்டை அறுத்துக் குட்டையாக்கினார்கள். அறுத்ததை மீண்டும் நீட்ட முடியாது. மரையைத் திருகி நீளத்தை மாற்றும் ஹை-லோ அந்தச் சிக்கலைத் தீர்த்துவிடுகிறது.

நான் வாங்கிய தொகுப்பில் நான்கு டிரம்பெட்டுகளுடன், அவற்றைச் சக்கரத்தைத் தாங்கும் கையோடு இணைக்கும் குண்டும் கிண்ணமுமான மூட்டுகள், அதாவது புதிய நக்கிள் ஜாயின்ட்டுகளும் இருந்தன. மரை சுத்தமாகக் கடையப்பட்டிருந்தது. கையால் சுழற்றியபோது எங்கும் பிடிக்கவில்லை. பழையவற்றைக் கழற்றியபோது, முன் இடப்பக்க நக்கிள் ஜாயின்ட்டின் நைலான் கிண்ணம் விளிம்பில் விரிசல் விட்டு, உள்ளிருந்த இரும்புக் குண்டு துருவேறிப் பழுப்பு நிறத்தில் இருந்தது. கிரீஸ் இருந்ததற்கான அடையாளமே இல்லை. அந்த மூலையில் கேட்டுக்கொண்டிருந்த கடகட ஒலிக்கு வேறு காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. ஆகவே நக்கிள் ஜாயின்ட் சேராத மலிவான தொகுப்பை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

பொருத்தும் வேலை பின்பக்கத்தில் எளிது. ஷாக் அப்சார்பரைக் கழற்றிச் சக்கரத்தைத் தாங்கும் கையைத் தொங்கவிட்டால் டிரம்பெட் வெளியே வந்துவிடும். முன்பக்கத்தில் கூம்பை அமுக்கிப் பிடிக்கும் தனிக் கருவி இல்லாமல் வேலையைத் தொடங்கவே கூடாது. பழைய கார்களுக்கும் பிந்தைய கார்களுக்கும் அந்தக் கருவியின் மரை அளவு வேறுபடுவதால், வாங்கும் முன்போ இரவல் பெறும் முன்போ அதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

உயரத்தைச் சரிசெய்வதில்தான் பொறுமை வேண்டும். நெம்புகோல் விகிதம் முன்பக்கத்தில் ஏறத்தாழ மூன்று, பின்பக்கத்தில் ஏறத்தாழ ஐந்து. அதாவது பின் டிரம்பெட்டை ஐந்து மில்லிமீட்டர் குறைத்தாலே கார் அங்கே ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் இறங்கிவிடும். ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தின் பாரத்தை எடுத்த பின்னரே திருக வேண்டும். இறக்கியதும் உடனே அளக்காமல், காரை முன்னும் பின்னும் சற்று உருட்டிவிட்டுச் சக்கரத்தின் மையத்திலிருந்து மட்காட்டின் விளிம்புவரை அளக்க வேண்டும். உருட்டாமல் அளந்தால் டயர்கள் தரையைப் பற்றிக்கொண்டு பொய்யான அளவைக் காட்டும். என் காரில் இரு பக்கங்களும் சமமான பிறகு ஸ்டீயரிங் நேராக நின்றது; நான் பெற்ற பெரிய ஆதாயம் இதுவே.

தாழ்த்துவதைப் பொறுத்தவரை நான் 25 மில்லிமீட்டரோடு நிறுத்திக்கொண்டேன். அதற்கும் கீழே போக வேண்டாம் என்றே சொல்வேன். மினியில் கியர்பாக்ஸ் எஞ்சினுக்கு அடியில், அதே எண்ணெயில் இயங்குகிறது. காரை இறக்கும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் அந்த உறையைத்தான் வேகத்தடைக்கு அருகே கொண்டுபோகிறது. சக்கரம் மேலெழும்ப இருக்கும் இடமும் குறைவதால், அதிகம் தாழ்த்திய கார் பள்ளத்தில் இறங்கும்போது ரப்பரைப் பயன்படுத்தாமல் சக்கரம் மேலெழுவதை நிறுத்தும் தடுப்பான பம்ப் ஸ்டாப்பில் நேரே போய் மோதும். அப்படிப்பட்ட ஒரு காரில் நண்பரோடு பயணம் செய்திருக்கிறேன். பார்க்க அழகாகவே இருந்தது, ஆனால் மோல்டன் பாடுபட்டு உருவாக்கிய எதுவும் அதில் வேலை செய்யவில்லை.

ஷாக் அப்சார்பரின் செலவையும் தொடக்கத்திலேயே சேர்த்துக் கணக்கிட வேண்டும். தாழ்த்திய காரில் வழக்கமான நீளமுள்ளவை இருந்தால், பின்சக்கரம் தொங்கும்போது அதைத் தாங்கும் கை அளவுக்கு மீறி இறங்கி, நக்கிள் ஜாயின்ட்டின் குண்டு கிண்ணத்திலிருந்து நழுவிவிடக்கூடும். அதைக் கவனிக்காமல் காரை இறக்கினால் கிண்ணம் நசுங்கும். தாழ்த்திய கார்களுக்கென்றே வரும் குட்டையான ஷாக் அப்சார்பர்கள் இதைத் தடுக்கின்றன. உயரம் மாறியதும் முன்சக்கரங்களின் டோ (உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு), கேம்பர் (செங்குத்திலிருந்து சாயும் அளவு) இரண்டும் மாறிவிடுவதால் வீல் அலைன்மென்ட் செய்தே ஆக வேண்டும். செய்யாவிட்டால் டயரின் உள்விளிம்பு விரைவில் தேய்ந்துவிடும். காரில் செய்த இந்த மாற்றத்தை இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுவது நல்லது.

1964இல் சலூன் வகைகளில் அறிமுகமான ஹைட்ரோலாஸ்டிக் சஸ்பென்ஷன் உள்ள மினிக்கு இது பொருந்தாது. அதில் ரப்பர் கூம்புக்குப் பதிலாகத் திரவக் கலன்கள் இருக்கும். கூம்புகள் மிகவும் பழையவை என்றால் முதலில் அவற்றை மாற்றிவிட்டு, புதியவை நன்றாகப் படிந்த பிறகு ஹை-லோவை இறுதியாகச் சரிசெய்யுங்கள். தளர்ந்த ரப்பரின் மேல் இதைப் பொருத்தி உயரத்தைக் கூட்டினால் கார் நிமிர்ந்து நிற்கும்; ஆனால் ஓட்டும்போது அதே பழைய முரட்டுத்தனம் அப்படியே இருக்கும்.