கிளாம்ஏவி: ஒரு ஜிபி வாடகை

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரோடு அப்டேட் நின்றுபோனதால், டிடிபி கடை வைத்திருக்கும் நண்பன் ஒருவன் தன் பழைய மெஷின் இரண்டுக்கும் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டுவிட்டான். போன வாரம் கூப்பிட்டு, "மாப்ளே, இதுக்கு ஆன்டிவைரஸ் எது போடட்டும்?" என்று கேட்டான். போனில் நான் பொரிந்து தள்ளியதில் அவன் குழம்பிவிட்டான். அதனால் இங்கே பொறுமையாக எழுதுகிறேன்.

எனக்குத் தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை. நாலு வருஷமாக மின்ட், கூடவே கிளாம்ஏவி என்ற ஆன்டிவைரஸ். 'லினக்ஸுக்கு வைரஸே வராது, எதுக்கு இது?' என்பவர்களோடு நான் சண்டைக்கு வரவில்லை. என் கவலை வேறு. பென்டிரைவில் வரும் விண்டோஸ் வைரஸ் என் மெஷினை ஒன்றும் செய்யாது, சரி. ஆனால் ஒருத்தர் ஃபைலை இன்னொருத்தருக்குக் காப்பி போட்டுக் கொடுக்கும்போது அதுவும் சேர்ந்து போய், அவர் வீட்டு விண்டோஸில் உட்கார்ந்துகொண்டால் பழி கடைக்குத்தான். காசு கொடுத்து வாங்கலாம் என்றால், வீட்டு லினக்ஸுக்கென்று இருந்த ஈசெட் நாட்32 ஆன்டிவைரஸ் பதிப்பு 2022-இலேயே முடிந்துபோனது. கிளாம்ஏவி 2002-இலிருந்து இருக்கிறது, இலவசம்.

இப்போது என் வயிற்றெரிச்சல். இதில் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்கும் கிளாம்டி என்று ஒன்று உண்டு. வைரஸ் அடையாளங்கள் (எந்த வைரஸ் எப்படி இருக்கும் என்ற பட்டியல்) மொத்தத்தையும் மெமரியில் ஏற்றி வைத்துக்கொண்டு, அப்போது சும்மா இருக்கும்போதே ஒரு ஜிபிக்கு மேல் பிடித்துக்கொண்டது. என்னிடம் இருந்ததோ 4 ஜிபி மெஷின். போகட்டும் என்று விட்டேன். அப்புறம்தான் பார்த்தால், புது அடையாளங்கள் இறங்கும்போது பழையதை மெமரியிலிருந்து நீக்காமலேயே புதியதைப் பக்கத்தில் ஏற்றுகிறது. அந்தச் சில விநாடிகளுக்கு இரண்டு மடங்கு! கவுன்டரில் ஏழு பேர் நிற்க, பிரவுசரில் பட்டா திறந்திருக்க, மவுஸ் அம்பு அப்படியே உறைந்துபோகும். பிரின்டரைத் திட்டினேன், கேபிளை மாற்றினேன். நாலு மாதம் கழித்துத்தான் குற்றவாளி யார் என்று தெரிந்தது.

இதற்கு வழி உண்டு. கிளாம்டி.கான்ஃப் என்ற செட்டிங் ஃபைலில் 'கன்கரன்ட் டேட்டாபேஸ் ரீலோட்' என்ற வரியை 'நோ' ஆக்கினால் மெமரி இரட்டிப்பது நிற்கும். பதிலுக்கு, புதியது ஏறி முடிகிற வரை ஸ்கேன் காத்திருக்கும். எனக்குப் பரவாயில்லை. ஆனால் சும்மா இருக்கும்போது பிடிக்கும் மெமரி அப்படியேதான் இருக்கும்.

கிளாம்டியே வேண்டாம் என்று ஒரு வருஷம் வெறும் கிளாம்ஸ்கேனோடும் ஓட்டினேன். வேண்டும்போது மட்டும் கூப்பிடலாம், மெமரி மிச்சம். ஆனால் ஒவ்வொரு தடவையும் அடையாளங்களை முதலிலிருந்து ஏற்றும். அப்போது 80 லட்சத்துக்கு மேல் என்று எண்ணிக்கை காட்டியது. நாலு பக்க பயோடேட்டா இருக்கிற பென்டிரைவைத் தொடுவதற்கே இருபது முப்பது விநாடி. "என்ன தம்பி, ஹேங்கா?" என்று கேட்காத ஆள் இல்லை. இன்னொன்று: இது வைரஸைக் காட்டும், சொன்னால் வேறு இடத்துக்கு நகர்த்தும், அழிக்கும். கெட்டுப்போன ஃபைலைச் சுத்தம் செய்து திருப்பித் தராது.

எதிர்பாராத சந்தோஷம் கிளாம்ஏவியால் வரவில்லை, மின்ட்டால் வந்தது. ஒரு டீச்சரம்மா பென்டிரைவைக் கொடுத்து, "மூணு வருஷ கேள்வித்தாள், எல்லாம் ஷார்ட்கட் ஆயிடுச்சுப்பா" என்றார். செருகித் திறந்தேன். ஒரு ஷார்ட்கட், பக்கத்திலேயே பெயரே இல்லாத ஒரு ஃபோல்டர், அதற்குள் கேள்வித்தாள் அத்தனையும். விண்டோஸில் ஒளிந்துகொள்ள வைரஸ் போடும் 'ஹிடன்' முத்திரையை லினக்ஸ் ஃபைல் மேனேஜர் கண்டுகொள்வதே இல்லை. அவருக்கு நான் மந்திரவாதி. அதற்கப்புறம் அவர் பள்ளிக்கூட பிரின்ட் வேலை பாதி என் கடைக்குத்தான் வருகிறது.

நண்பனுக்கு இன்னொன்றும் சொன்னேன். லினக்ஸுக்கு வந்த பெரிய ஆபத்து, 2024 மார்ச்சில் வெளியே தெரிந்த பின்வாசல்: ஃபைலைச் சுருக்கும் எக்ஸ்இசட் நூலகத்துக்குள், வெளியாள் கள்ளத்தனமாக உள்ளே நுழைய யாரோ திட்டமிட்டு வைத்தது. அதைப் பிடித்தது ஆன்டிவைரஸ் இல்லை. ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், லாகின் ஆக அரை விநாடி கூடுதலாகிறதே என்று தோண்டிப் போய்ப் பிடித்தார். மனுஷனுக்கு அரை விநாடி பொறுக்கவில்லை. நான் நாலு மாதம் கேபிள் மாற்றிக்கொண்டிருந்தேன். அதனால் அப்டேட்டைத் தள்ளிப்போடாதே, எவனோ எழுதி வைத்த கமாண்டை சூடோ (மெஷினின் முழு அதிகாரத்தையும் கொடுக்கும் சொல்) போட்டு ஒட்டாதே. வீட்டு மெஷினுக்கு அது போதும், ஆன்டிவைரஸ் தேவையே இல்லை.

கடைக்கு? 4 ஜிபி என்றால் கிளாம்டியைத் தொடாதே. கிளாம்ஸ்கேன் வைத்துக்கொள், திட்டு வாங்கு. நான் போன மாதம் இன்னொரு 4 ஜிபி ராம் போட்டேன். கூடுதல் வேகம் வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் போட்டது. அன்றைக்குச் சாயங்காலமே கிளாம்டியைத் திரும்ப இன்ஸ்டால் செய்துவிட்டேன். இதை எழுதும்போதும் மெமரியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, சனியன்.