சிங்கப்பூரில் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்று 1,20,000 ரூபாயைப் பிடுங்கிக்கொண்டார்கள்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், கானாடுகாத்தான் பக்கம் வீட்டோடு தங்கி வயசானவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். வெளிநாட்டு வேலை என்று யாராவது பணம் கேட்டால், கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள். எனக்குப் போனது 1,20,000 ரூபாய். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

கோட்டையூரில் ஒரு ஆச்சியைப் பல வருஷம் பார்த்துக்கொண்டேன். பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டிலும் சென்னையிலும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று அவ்வளவு பெரிய வீட்டில் ஆச்சியும் நானும்தான். கடைசிக் காலத்தில் ஆச்சி படுத்த படுக்கை. முதுகில் ஒரு புண் வரவிடவில்லை நான். ஆச்சி தவறியதும் அவர் பிள்ளைகள் என்னை மரியாதையாக நடத்தி, 50,000 ரூபாய் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அந்தப் பணமும் சேர்ந்துதான் போனது.

காரைக்குடியில் ஒரு மாடி அலுவலகம். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறோம் என்று போர்டு. சிங்கப்பூரில் மாசம் 700 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளம், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு என்றார்கள். சிங்கப்பூர் இந்தப் பக்கத்தில் யாருக்கும் அந்நிய ஊர் இல்லை. தெருவுக்கு இரண்டு வீட்டில் ஆள் அங்கே இருக்கிறார்கள். அதை நன்றாகத் தெரிந்துகொண்டுதான் கடை விரித்திருக்கிறார்கள்.

என்னை நம்பவைத்தது எது தெரியுமா? அந்த ஆள் பணத்தைப் பற்றி முதலில் வாயே திறக்கவில்லை. அலுவலகப் பையனை பெஞ்சில் படுக்கச் சொல்லிவிட்டு, “அக்கா, படுக்கையில இருக்கிறவங்கள எப்படித் திருப்புவீங்க, செஞ்சு காட்டுங்க” என்றார். தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்து ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். முழங்கால்களுக்கு நடுவே வைக்கத் தலையணை இல்லை, என் பையையே வைத்தேன். குதிகால் அழுந்தாமல் தூக்கி வைத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாற்றிப் படுக்கவைக்கணும் என்று சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவத்தில் டிக் போட்டார். “உங்கள மாதிரி ஆளத்தான் அங்க தேடுறாங்க அக்கா.” இத்தனை வருஷத்தில் என் வேலையை ஒரு வேலையாக மதித்து யாரும் கேள்வி கேட்டதில்லை. ஏமாற்றுகிறவன் அதையா கேட்பான்?

அப்புறம் வீடியோ காலில் ஒரு பெண். தமிழ்தான் பேசினாள். “அம்மாவால எழுந்து நடக்க முடியல, எப்ப வருவீங்க?” என்றாள். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கா, கஞ்சி குடிப்பாங்களா, ராத்திரி தூங்குவாங்களா என்று நான் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். அப்படி ஒரு அம்மாவே இல்லை.

சேவைக் கட்டணம் 60,000, பாண்டுப் பணம் (சிங்கப்பூர் அரசுக்குக் கட்டும் ஜாமீன் தொகை) 40,000, மெடிக்கலும் டிக்கெட்டும் 20,000. ஆக 1,20,000. தோடும் செயினும் அடகுக்குப் போயின, மிச்சத்துக்கு மகளிர் குழுவில் கடன். ரசீது என்று வெள்ளைத் தாளில் எழுதி ஒரு சீல் குத்திக் கொடுத்தார்கள். பதிவு எண் கிடையாது.

விசா வந்துவிட்டது என்று ஒரு தாளும் கொடுத்தார்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகனுக்கு அதைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். உடனே கூப்பிட்டான். “சித்தி, இது சுத்திப் பார்க்க வர்ற விசா. இதுல வந்து வேலை பார்த்தா பிடிச்சு உள்ள போட்டுருவாங்க.” வீட்டுவேலைக்கு வரும் பெண்ணுக்கு அங்கே அரசு தரும் முன் அனுமதிக் கடிதத்தில் முதலாளி பெயரும் சம்பளமும் இருக்குமாம். என் தாளில் ஒன்றுமே இல்லை. பாண்டுப் பணம் 5,000 வெள்ளி, அதை முதலாளிதான் கட்ட வேண்டும், வேலைக்கு வரும் பெண்ணிடம் வாங்கவே கூடாது. என்னிடம் அதற்கு 40,000 வாங்கியிருக்கிறார்கள்!

அன்றைக்கே போய்க் கேட்டேன். சார் பழனிக்குப் பாதயாத்திரை போயிருக்கார் என்றார்கள். தைப்பூசம் முடிந்து போனால், சிங்கப்பூரில் சீனப் புத்தாண்டு லீவு. அதற்கப்புறம் சர்வர் வேலை செய்யவில்லை. ஒவ்வொரு தடவையும் அந்த மேசைப் பெண் டீ வாங்கிக் கொடுத்து, “உட்காருங்கக்கா, சார் மீட்டிங்ல இருக்கார்” என்பாள். உள்ளே அவர் குரல் கேட்கும். போனில் என் நம்பரை பிளாக் பண்ணியாச்சு. கடைசியாக, இன்னும் 25,000 கட்டினால் துபாய்க்கு மாற்றித் தருகிறோம் என்று சொல்கிறார்கள். என்ன துணிச்சல்!

அங்கே காத்திருந்தபோது திருமயம் பக்கத்து அம்மா ஒருவரைப் பார்த்தேன். வயசு 52. சிங்கப்பூரில் வீட்டுவேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு 50 வயசுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. கிடைக்கவே கிடைக்காது என்று தெரிந்தே அவரிடமும் 1,20,000 வாங்கியிருக்கிறார்கள். கணவர் இல்லாதவர். பேச்சே வரவில்லை அவருக்கு.

போலீஸில் மனு கொடுத்திருக்கிறேன். கொடுத்த பணத்துக்குச் சாட்சி யார் என்று கேட்கிறார்கள்.

விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும், இமைக்ரேட் இணையதளத்தில் பெயர் இருக்கிறதா என்று பிள்ளைகளை விட்டுத் தேடச் சொல்லுங்கள். அவர்கள் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும்தான், அதற்கு மேல் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால் போகவே போகாதீர்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-லிருந்து சென்னையில் இருக்கிறது, முதலில் அங்கே கேளுங்கள்.

இதே மாதிரி மாடி அலுவலகத்தில் பணம் கட்டிய பெண்கள் யாராவது இருந்தால் அந்த வெள்ளைத்தாள் ரசீதைக் கிழித்துப் போடாதீர்கள். என்னோடு வாருங்கள். அந்தத் திருமயம் அம்மாவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். எல்லோரும் சேர்ந்து சிவகங்கை எஸ்.பி. அலுவலகத்தில் மனு கொடுப்போம்.